கட்டிலுக்கு அடியில முதல்ல பாருங்க: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல கோடைகாலத்துக் குடிசைத் தீ பத்தி எழுதும்போது, வீட்ல மனநலம் பாதிச்சவங்களோ மூளை வளர்ச்சி குறைஞ்ச பிள்ளைங்களோ இருந்தா ஃபயர் வண்டி வந்து நின்னதும் முதல் வார்த்தையா அதைச் சொல்லிடுங்கன்னு ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடுதாசி, இத்தனை வாய்ஸ் மெசேஜ். கடலூர்ல இருந்தும் பாண்டிச்சேரியில இருந்தும்தான் நெறைய. அதனால இந்தத் தடவை பாம்பு, கிணறு, கேஸ் சிலிண்டர் கேள்வியெல்லாம் ஒதுக்கி வெச்சுட்டேன், கேட்டவங்க கோவிச்சுக்காதீங்க, அடுத்த இதழ்ல வரும். தீயணைப்புத் துறையில நிலைய அலுவலரா இருந்து ரிட்டயர் ஆனவன்ங்கற முறையில எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். மருந்து, வைத்தியம் பத்தி உங்க டாக்டர் சொல்றதுதான் கணக்கு.

கேள்வி: என் பையனுக்கு 19 வயசு, ஆட்டிசம். பேச்சு ரொம்பக் கொஞ்சம். பட்டாசு வெடிச்சாலே பாத்ரூமுக்குள்ள போய் கதவைச் சாத்திக்குவான். ரெண்டாவது மாடியில வாடகைக்கு இருக்கோம். ஒரு நாள் தீ பிடிச்சு ஃபயர்மேன் வந்தா இவன் அவங்ககூட போவானா? நெனச்சாலே தூக்கம் வரமாட்டேங்குது.
(ஒரு அம்மா, திருப்பாதிரிப்புலியூர்)

அம்மா, உங்ககிட்ட பூசி மெழுக எனக்கு மனசில்ல. இன்னைக்கு நெலமையில போகமாட்டான். அது அவன் தப்பும் இல்ல, வளத்த உங்க தப்பும் இல்ல.

அவன் கண்ணுல கொஞ்சம் பாருங்க. வீட்ல கரண்ட் போயிருக்கும், புகை, கீழ சைரன், சிவப்பு லைட்டு சுத்திக்கிட்டு இருக்கும், அந்த நேரம் பாத்து கதவை ஒடைச்சுக்கிட்டு ஒரு உருவம் உள்ள வருது. அதுக்கு மூஞ்சி இல்ல. புகைக்குள்ள மூச்சு விட நாங்க காத்து சிலிண்டரோட போடுற பிஏ செட் மாஸ்க்கை நீங்க பக்கத்துல பாத்திருக்கீங்களான்னு தெரியல, முகம் பூரா மூடிடும், மூச்சு விடும்போது ஸ்ஸ்ஸ்... ஹாஆன்னு ஒரு சத்தம் வரும், சிலிண்டர்ல காத்து கொறைஞ்சா விசில் வேற அடிக்கும். பேசினா கொடத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கும். பட்டாசுக்கே ஒளியற பிள்ளை இதைப் பாத்து ஓடாம என்ன செய்யும்? நேத்து வரைக்கும் எந்த எடம் தனக்குப் பத்திரமா இருந்துச்சோ அங்கதான் ஓடும். கட்டிலுக்கு அடி, பீரோ சந்து, பாத்ரூம், போர்வைக்குள்ள. பேரைச் சொல்லிக் கத்தினாலும் பதில் வராது. கூப்பிட்டுப் பாத்துட்டு ஆள் இல்லைன்னு அடுத்த ரூமுக்குப் போயிட்டா முடிஞ்சுது. அதனாலதான் எங்க பசங்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்னது, கூப்பிடாத, தேடு, கட்டிலுக்கு அடியில முதல்ல பாரு.

நீங்க செய்ய வேண்டியது, தீ பிடிக்கறதுக்கு முன்னாடியே அவனைக் கூட்டிக்கிட்டு பக்கத்துல இருக்கற ஸ்டேஷனுக்குப் போறது. முன்னாடியே போன் பண்ணி, காலையில டிரில் முடிஞ்சு ஓய்வா இருக்கற நேரமா கேட்டுட்டுப் போங்க. ஒரு தடவை போய் போட்டோ எடுத்துட்டு வந்தா பத்தாது, மூணு நாலு தடவையாவது போகணும்.

நான் சர்வீஸ்ல இருந்தப்போ ஒரு அம்மா இப்படித்தான் தன் பையனைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. முதல் நாள் அவன் கேட்டைத் தாண்டி உள்ள வரல, காதைப் பொத்திக்கிட்டு வெளியவே நின்னான். ரெண்டாவது தடவை வண்டிச் சக்கரம் வரைக்கும் வந்தான். டயர்ல இருக்கற கோட்டையெல்லாம் விரலால தடவிக்கிட்டே இருந்தான், நாங்களும் விட்டுட்டோம். மூணாவது தடவை எங்க ஃபயர்மேன் ஒருத்தர் தரையில உக்காந்து மாஸ்க்கை அவன் கையில குடுத்துட்டார். அவன் மோந்து பாத்தான், கண்ணாடியைத் தட்டிப் பாத்தான், திருப்பிக் குடுத்தான். அவர் சிரிச்சுக்கிட்டே மொதல்ல தாடையில வெச்சார், எடுத்தார். மூக்கு வரைக்கும் வெச்சார், எடுத்தார். அப்புறம் முழுசா மாட்டி மூச்சு விட்டார். பையன் ரெண்டடி பின்னாடி போனான், அவர் உடனே கழட்டி அதே சிரிப்பைக் காட்டினார். அஞ்சாறு தடவை அப்புறம் பையனே அவர் மாஸ்க்கு மேல கைய வெச்சு "மாமா உள்ள"ன்னான். அந்த ரெண்டு வார்த்தைக்கு அவங்க அம்மா அழுத அழுகை இன்னும் என் கண்ணுல நிக்குது.

வீட்லயும் மாசத்துக்கு ஒரு தடவை படியெறங்கிப் பழக்குங்க. "நெருப்பு வந்தா"ன்னு பயமுறுத்த வேண்டாம், ஒரே வார்த்தை, ஒரே வழி, கீழ போனதும் நிக்கறதுக்கு ஒரே எடம், அது எதிர்த்த வீட்டு வேப்பமரமா இருந்தாலும் சரி. பாத்ரூம் தாழ்ப்பாளை இன்னைக்கே வெளியில இருந்தும் தொறக்கற மாதிரி மாத்திடுங்க. வீட்டு ஓனர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க.

கேள்வி: சர்வீஸ்ல சேர்ந்து 4 வருஷம் ஆகுது சார். ட்ரெயினிங்ல ஏணி, ஹோஸ், கயிறு, முடிச்சு எல்லாம் சொல்லிக் குடுத்தாங்க. போன மாசம் ஒரு வீட்ல மனநலம் சரியில்லாத ஒருத்தரை வெளிய கொண்டு வரும்போது அவர் என்னை அடிச்சு ஹெல்மெட்டைப் பிடுங்கிட்டார். நாலு பேர் சேர்ந்து அமுக்கித்தான் தூக்கிட்டு வந்தோம். செஞ்சது சரியான்னு மனசு உறுத்துது.
(ஒரு தீயணைப்பு வீரர், பாண்டிச்சேரி)

தம்பி, உறுத்துதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுக்கே உங்களைக் கையெடுத்துக் கும்பிடணும். எனக்கு உறுத்தற ஒண்ணை நானும் சொல்லிடறேன்.

பல வருஷத்துக்கு முன்னாடி, சித்திரை மாசம், மத்தியானம், பண்ருட்டி பக்கம் ஒரு ஊர்ல வரிசையா குடிசை எரியுது. நாங்க போய் எறங்கினதும் எல்லாரும் வெளிய வந்தாச்சான்னு கேட்டேன், வந்தாச்சுன்னாங்க. தண்ணி அடிக்க ஆரம்பிச்ச அப்புறம் ஒரு கெழவி என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா, யாருக்கும் கேக்கக் கூடாதுங்கற மாதிரி, "உள்ள ஒரு புள்ள இருக்குதுய்யா, அது கொஞ்சம் ஒரு மாதிரி"ன்னாங்க. நானே உள்ள போனேன். முப்பது வயசு ஆளு, நெல்லு மூட்டைக்குப் பின்னாடி குந்தியிருந்தார். அலாக்காத் தூக்கினேன், கையைக் கடிச்சார், விடல, வெளிய கொண்டாந்து எறக்கி விட்டுட்டேன். எறக்கி விட்டுட்டு என்ன பண்ணேன் தெரியுமா, ஹோஸ் பக்கம் திரும்பிட்டேன். வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சேன். அவர் எழுந்து நேரா எரியற குடிசைக்குள்ளயே ஓடிட்டார். எங்க லீடிங் ஃபயர்மேன் பாய்ஞ்சு இழுத்து உயிரைக் காப்பாத்திட்டார், ஆனா அந்த ஆளோட ரெண்டு கையும் முழங்கை வரைக்கும் வெந்து போச்சு. இறுக்கி மூடின கையைப் பிரிச்சா உள்ள ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு பஸ் டிக்கெட். சின்ன வயசுல இருந்து சேத்து வெச்சதாம். அதை எடுக்கத்தான் போயிருக்கார்.

அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்க ஒரு ஆளை நான் போட்டிருந்தா அந்தக் கை வெந்திருக்காது. அன்னைக்கு வரைக்கும் யாரும் எனக்கு அதைச் சொல்லித் தரல, அதுக்கு அப்புறம் என்கூட வேலை பாத்த யாருக்கும் நான் சொல்லாம விட்டதில்ல.

இப்ப உங்க விஷயத்துக்கு வரேன். மேல கூரை எரிஞ்சு விழப்போகுதுன்னா பேச்சுக்கு எடமில்ல, தூக்கிட்டு வந்துடணும், அதுல தப்பே இல்ல. ஆனா குப்புறப் போட்டு முதுகுல முட்டி குடுத்து அமுக்காதீங்க. ஏற்கெனவே புகையைக் குடிச்ச ஆளு, நெஞ்சு விரியாம மூச்சடைச்சே போயிடும். கயித்தால கட்டாதீங்க. போர்வையில சுத்தி ரெண்டு பேரு தூக்கலாம்.

அப்படி உடனடி ஆபத்து இல்லைன்னா, நமக்கு ஒரு நிமிஷமாவது கெடைக்கும், அந்த நிமிஷத்தைத்தான் நாம பாழாக்கறோம். நாலு பேரு நாலு பக்கம் நின்னு வா, எழுந்திரு, நட, சீக்கிரம்னு கத்தறோம். ஒருத்தர் மட்டும் பேசணும், மத்தவங்க வாயை மூடிக்கணும். புகை இல்லாத எடமா இருந்தா மாஸ்க்கைக் கழட்டி மூஞ்சியைக் காட்டுங்க, புகை இருந்தா கழட்டவே கூடாது, டார்ச்சை அவங்க கண்ணுல அடிக்காம உங்க கை மேல அடிச்சுக் காட்டுங்க. முன்பக்கமா வாங்க, பின்னாடி இருந்து தொடாதீங்க. தொடறதுக்கு முன்னாடி சொல்லுங்க, "கையைப் பிடிக்கறேன்". ரெண்டு மூணு வார்த்தைதான் ஒரு வாக்கியம். சொல்லிட்டு பத்து எண்ணுங்க. நமக்கு அந்தப் பத்து எண்ணறது ஒரு யுகம் மாதிரி இருக்கும், ஆனா சொன்னது உள்ள போய் அர்த்தமாக சில பேருக்கு அவ்வளவு நேரம் வேணும், நடுவுல வேற வார்த்தையில திருப்பிக் கேட்டா அவங்க மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

நீங்க சொன்னதையே திருப்பிச் சொன்னா கிண்டல் பண்றாங்கன்னு நெனைக்காதீங்க, ஆட்டிசத்துல அது சகஜம். கையை உதறிக்கிட்டோ முன்னும் பின்னும் ஆடிக்கிட்டோ இருந்தா நிறுத்தாதீங்க, அதுதான் அவங்களைத் தாங்கிப் பிடிக்கற ஒரே விஷயம். வலிக்குதான்னு கேட்டா இல்லைம்பாங்க, எதைக் கேட்டாலும் ஆமாம்பாங்க, அந்தப் பதிலை நம்பாதீங்க. வெளிய கொண்டாந்ததும் தலையில இருந்து கால் வரைக்கும் நீங்களே பாருங்க, சூடு பட்டதே தெரியாம நிக்கறவங்க உண்டு. காதுல குரல் கேக்குதுன்னு சொல்றவர்கிட்ட அப்படி ஒண்ணும் இல்லைன்னு வாதாடவும் வேண்டாம், ஆமா எனக்கும் கேக்குதுன்னு ஒத்து ஊதவும் வேண்டாம். "உங்களுக்குக் கேக்குது, சரி. எனக்கு இந்தப் புகைதான் தெரியுது. வாங்க, சேந்து வெளிய போலாம்". அவ்வளவுதான்.

வெளிய வந்த அப்புறமும் ஒரு ஆள் அவங்க பக்கத்துலயே நிக்கணும். அதுக்குன்னு ஒரு ஆள் வேணும்னு உங்க ஸ்டேஷன் ஆபீசர்கிட்ட கேட்டு வாங்குங்க தம்பி.

கேள்வி: மனநோய், மனவளர்ச்சிக் குறைவு ரெண்டும் ஒண்ணுதானே? எதுக்குத் தனித்தனியா சொல்றீங்க?
(ஒரு கல்லூரி மாணவர், நெல்லிக்குப்பம்)

ஒண்ணில்ல. மனவளர்ச்சிக் குறைவு, அறிவுசார் குறைபாடுன்னு இப்ப சொல்றாங்க, பொறந்ததுல இருந்தோ சின்ன வயசுல இருந்தோ இருக்கறது. மனச்சிதைவு மாதிரி மனநோய் பெரும்பாலும் நல்லா இருந்த ஆளுக்கு எளவட்ட வயசுல வர்றது, மருந்து உண்டு, மருந்து ஒழுங்கா சாப்பிட்டு வேலைக்குப் போறவங்க உங்க தெருவுலயே இருப்பாங்க. ஆட்டிசம் இந்த ரெண்டுலயும் சேராது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்ற 21 வகையில இந்த மூணும் தனித்தனியாத்தான் வருது. எங்களுக்கு இது எதுக்குன்னா, முதல் ஆளுக்கு எளிமையாச் சொல்லணும், ரெண்டாவது ஆளுக்கு மரியாதை கொடுத்துப் பெரிய மனுஷனாப் பேசணும், மூணாவது ஆளுக்குச் சத்தத்தையும் வெளிச்சத்தையும் கொறைக்கணும். வயர்லெஸ்ல "லூசு கேஸ்"னு சொல்ற பழக்கம் இன்னும் எங்கயாவது இருந்தா தயவு செஞ்சு விட்டுடுங்க, பக்கத்துல நிக்கற அவங்க அப்பா அம்மா காதுல அது விழும்.

கேள்வி: மனவளர்ச்சி குறைஞ்ச பெரியவங்க தங்கற ஒரு இல்லத்துல நைட் வார்டனா இருக்கேன். ராத்திரி எழுந்து ரோட்டுக்குப் போயிடறாங்கன்னு ரூமை வெளிய பூட்டச் சொல்றாங்க. எனக்குப் பயமா இருக்கு.
(ஒரு வாசகி, கடலூர் மாவட்டம்)

பயம் நியாயமானது. 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. விடியக்காலம் ஒரு தனியார் மனநலக் காப்பகத்துல தீ பிடிச்சுது, கீத்துக் கொட்டகை. 28 பேர் செத்துப் போனாங்க. அவங்களால ஓட முடியாததுக்குக் காரணம் நோய் இல்ல, சங்கிலி. கால்ல சங்கிலி போட்டுக் கட்டி வெச்சிருந்தாங்க. எப்பேர்ப்பட்ட ஃபயர்மேன் வந்தும் என்ன பண்ண முடியும்? சுப்ரீம் கோர்ட்டு தானா முன்வந்து அந்த வழக்கை எடுத்துச்சு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 95-வது பிரிவுல மனநோய் உள்ளவங்களை எந்த விதத்துலயும் சங்கிலியால கட்டக் கூடாதுன்னே போட்டிருக்கு. வெளிப்பூட்டும் சாவி கெடைக்காத ராத்திரியில சங்கிலிதாம்மா.

அவங்க ரோட்டுக்குப் போறதைத் தடுக்க காம்பவுண்டு கேட்டைப் பூட்டுங்க, ரூமைப் பூட்டாதீங்க. ரூம் கதவுல ஒரு மணி கட்டுங்க, தொறந்தா உங்களுக்குக் கேக்கணும். கேட் சாவி உங்க இடுப்புலயே இருக்கணும், இன்னொண்ணு இன்னொரு ஸ்டாஃப்கிட்ட. ராத்திரி மாத்திரை போட்டவங்க ஆழ்ந்து தூங்குவாங்க, அலாரம் அடிச்சா எழுந்திருக்க மாட்டாங்க, ஆளு போய்த் தட்டி எழுப்பணும், அப்ப ராத்திரி டூட்டிக்கு நீங்க ஒருத்தரே போதுமான்னு நிர்வாகத்துகிட்ட எழுத்துல கேளுங்க. ஸ்டேஷன்ல மனு குடுத்தா வந்து பாத்து ஒத்திகை நடத்திக் காட்டுவாங்க, அந்த ஒத்திகையை ஒரு தடவை இருட்டின அப்புறமும் பண்ணச் சொல்லுங்க.

கேள்வி: என் தம்பிக்கு மனச்சிதைவு. மருந்தை நிறுத்தினதுல ஒரு நாள் செல்போன் டவர்ல ஏறிட்டான். தீயணைப்பு வீரர்தான் ரெண்டு மணி நேரம் பேசி எறக்கினார். ஆனா கீழ கூடின கூட்டம் பண்ணின அட்டகாசம்... அதைப் பத்தி எழுதுங்க சார்.
(ஒரு அக்கா, வில்லியனூர்)

எழுதத்தான் போறேன். மேல ஒரு உயிர் ஊசலாடுது, கீழ போனைத் தூக்கிக்கிட்டு வீடியோ, அதுல ஒருத்தன் கை தட்றான், ஒருத்தன் சத்தம் போட்டு உசுப்பேத்தறான். மேல நிக்கறவருக்கு ஏற்கெனவே நூறு சத்தம் கேட்டுக்கிட்டு இருக்கலாம், நீங்க வேற நூத்தி ஒண்ணாவது சத்தமா? ஏறிப் போற எங்க ஆளு பேசறது அவருக்குக் கேக்கணும். கூட்டத்தைத் தள்ளி நிறுத்த போலீஸ் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, தெருக்காரங்களே நாலு பேர் கையைக் கோத்து நின்னா போதும்.

அப்புறம், அந்த ரெண்டு மணி நேரம் பேசினவரை நான் பாத்ததில்ல, ஆனா அவர் என்ன பண்ணியிருப்பார்னு எனக்குத் தெரியும். எறங்கு எறங்குன்னு சொல்லியிருக்க மாட்டார். சாப்பிட்டியா, தண்ணி வேணுமா, உங்க அக்கா பேரு என்னன்னு கேட்டிருப்பார். சொந்தக்காரங்களைக் கூப்பிட்டுப் பேச வைக்கறதுக்கு முன்னாடியும் மேல இருக்கறவர்கிட்டயே யாரைக் கூப்பிடட்டும்னு கேக்கணும், சில சமயம் நாம கூப்பிடற மாமனோட தகராறுலதான் ஏறியே இருப்பார். எறங்கின அப்புறம் திட்டு, அறை, கேஸ் எதுவும் வேண்டாம். தற்கொலைக்கு முயற்சி பண்ணினவங்க கடும் மன அழுத்தத்துல இருந்தாங்கன்னுதான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாதுன்னு அதே 2017 சட்டத்தோட 115-வது பிரிவு சொல்லுது. மனசு சம்பந்தமா எந்த நேரமும் பேச 14416, டெலி மானஸ், தமிழ்லயே பேசலாம். ஜிப்மர்ல மனநலப் பிரிவு இருக்கு, தம்பியோட மருந்தை மறுபடி ஆரம்பிச்சுட்டீங்களான்னு அடுத்த கடுதாசியில எழுதுங்க அக்கா.

கேள்வி: தீயை அணைக்கறதே பெரும்பாடு. ஆள் பத்தாக்குறை வேற. இதுல ஃபயர்மேனுக்கு மனோதத்துவ வகுப்பு வேறயா?
(ஒரு வாசகர், முதுநகர்)

ஆள் பத்தாக்குறை உண்மை. ஆனா மனோதத்துவம் யாரும் கேக்கல அய்யா. டாக்டர் ஆக வேண்டாம், ஒளிஞ்சிருக்கற ஆளைக் கண்டுபிடிக்கவும் பயந்த ஆளை நடத்திக் கூட்டி வரவும் தெரிஞ்சா போதும். பாம்பு பிடிக்கறது கூடத்தான் முன்ன எங்க பாடத்துல இல்ல, கூப்பிட்டாங்க, கத்துக்கிட்டோம்.

அமெரிக்காவுல மெம்ஃபிஸ்னு ஒரு ஊர்ல, மனநலம் பாதிச்ச ஒருத்தர் போலீஸ் சுட்டுச் செத்துப் போன அப்புறம், 1988-ல போலீஸ்காரங்களுக்கே 40 மணி நேரப் பயிற்சி ஆரம்பிச்சாங்க. அதுல எனக்குப் புடிச்ச விஷயம், அந்த நோயோட வாழ்றவங்களும் அவங்க குடும்பத்தாரும் நேர்ல வந்து பேசறாங்க. நம்ம ஊருக்கும் அதுதான் வேணும். ஸ்கிரீன்ல படம் போட்டு ஒரு நாள் லெக்சர் அடிச்சா மத்தியானம் சாப்பாட்டோட மறந்துடும். ஸ்பெஷல் ஸ்கூல் டீச்சர் ஒருத்தர், நாலு அம்மாக்கள், பேசத் தெரிஞ்ச ரெண்டு மூணு மாற்றுத்திறனாளிகள், இவங்களை வாத்தியாரா உக்கார வெச்சு, லைட்டை அணைச்சு, ஒரு ஃபயர்மேன் காதுல இரைச்சலை வெச்சுக் கட்டிலுக்கு அடியில படுத்துக்கட்டும், இன்னொருத்தர் அவரைக் கூப்பிட்டு வெளிய கொண்டு வரட்டும். ஒரு தடவை அந்தக் கட்டிலுக்கு அடியில படுத்துப் பாத்தவன் அப்புறம் கத்தமாட்டான்.

வருஷா வருஷம் ஏப்ரல் 14-ல இருந்து 20 வரைக்கும் தீத்தொண்டு வாரம். 1944-ல பம்பாய் துறைமுகத்துல கப்பல் வெடிச்சு உயிர்விட்ட தீயணைப்பு வீரர்களை நெனச்சுக் கொண்டாடறது. ஸ்கூல் ஸ்கூலாப் போய் டெமோ காட்டுவோம். அந்த ஏழு நாள்ல ஒரு நாள் ஸ்பெஷல் ஸ்கூலுக்கு ஒதுக்கினாலே பாதி வேலை முடிஞ்சுது, சைரன் மட்டும் போடாம போங்க.

கேள்வி: ஃபெஞ்சல் புயலப்போ எங்க பக்கம் வெள்ளம். என் அண்ணன் மனநோய்க்கு மாத்திரை சாப்பிடறவர். படகுல ஏறமாட்டேன்னு அடம் பிடிச்சார். இனிமே என்ன பண்ணணும்?
(ஒரு வாசகர், தென்பெண்ணைக் கரையோர கிராமம்)

2024 டிசம்பர் ஆரம்பத்துல சாத்தனூர் அணைத் தண்ணி தென்பெண்ணையில வந்தப்போ கரையோர ஊரெல்லாம் பட்ட பாடு தெரியும். அடம் இல்லைங்க அது, ராத்திரியில தெரியாத ஆளு, ஆடற படகு. அதனால எச்சரிக்கை வந்ததுமே, தண்ணி வர்றதுக்கு முன்னாடியே பகல்ல அவரைச் சொந்தக்காரங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. பத்து நாள் மாத்திரையும் டாக்டர் சீட்டும் பிளாஸ்டிக் கவர்ல போட்டு எப்பவும் தயாரா இருக்கணும், முகாம்ல மாத்திரை விட்டுப் போய்த்தான் நெறைய பேருக்கு மறுபடி முத்திடுது. லித்தியம் சாப்பிடறவரா இருந்தா தண்ணி குடிக்காம விடாதீங்க, உடம்புல நீர் வத்தினா அந்த மருந்தே விஷமாயிடும்.

இன்னொண்ணு, 2016 சட்டம் 8-வது பிரிவுப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாவட்டத்துல இருக்கற மாற்றுத்திறனாளிகள் விவரத்தைப் பதிவு பண்ணி வெச்சு, ஆபத்து வரும்போது அவங்களுக்குத் தெரியப்படுத்தணும். அண்ணன் பேரு அதுல இருக்கான்னு கலெக்டர் ஆபீஸ்ல கேளுங்க, இல்லைன்னா மனு குடுங்க. அந்த லிஸ்ட் ஃபயர் ஸ்டேஷன் சுவத்துல தொங்கற நாளுக்காக நான் காத்துக்கிட்டிருக்கேன்.

கேள்வி: இப்படிப்பட்ட பிள்ளை இருக்குன்னு வாசக்கதவுல ஸ்டிக்கர் ஒட்டலாமா?
(ஒரு அப்பா, முத்தியால்பேட்டை)

தெருப்பக்கம் ஒட்டாதீங்க, கெட்ட எண்ணம் உள்ளவன் கண்ணுலயும் படும். கதவுக்கு உள்பக்கம் ஒரு தாள் ஒட்டுங்க, அதே தாளை ஸ்டேஷன்லயும் பக்கத்து வீட்லயும் குடுங்க. பிள்ளையோட போட்டோ, வீட்ல கூப்பிடற பேரு, எங்க ஒளியும், எதைக் கேட்டா பயப்படும், எதைக் கையில குடுத்தா அமைதியாகும், என்ன மாத்திரை, உங்க நம்பர். பெரிய எழுத்துல, தமிழ்ல எழுதுங்க. 101-க்கு, இல்ல 112-க்குப் போன் பண்ணும்போது விலாசம் சொன்ன கையோட "உள்ள ஒரு ஸ்பெஷல் பிள்ளை இருக்கு, கூப்பிட்டா பதில் சொல்லாது"ன்னு சொல்லிடுங்க, வண்டி வர்ற வழியிலயே அவங்க பேசி வெச்சுக்குவாங்க. அவனுக்கு உசுரா இருக்கற சாமான் எதுவோ, பொம்மையோ, துண்டோ, பழைய செல்போன் கவரோ, அதை ராத்திரி அவன் தலைமாட்டுலயே வைங்க. பையனைத் தூக்கும்போது அதையும் சேத்து எடுத்துக்கிட்டு வரணும்னு அந்தத் தாள்ல கடைசி வரியா எழுதிடுங்க.